கொன்றைக்குக் கீழே நின்று எடுக்க ஒரு லென்ஸ்: கெனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம்

கெனான் கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்துக்கொண்டு, பங்குனி பிறந்ததும் வேலிக்கு மேலால் தெரிகிற கொன்றையைக் கண்டு சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாவதாக ஒரு லென்ஸ் வாங்கக் காசு சேர்ந்தால் எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் கெனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். இதைவிடக் கூர்மையான லென்ஸ் உண்டு, இன்னும் கிட்டப் போகிற லென்ஸ் உண்டு, தூரத்துக் கொப்பை இழுத்துக் காட்டுகிறதும் உண்டு. ஆனால் இந்த விலைக்கு, முகத்துக்கு நேரே தொங்கிப் பூக்கிற மரங்கள் உள்ள மட்டக்களப்புக்கு, இதைப்போல் பொருந்தி வருகிற வேறொன்றை நான் காணவில்லை. பொருந்தாத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. 2015இல் வந்த லென்ஸ் இது. அதற்கு முன்பு 1990இலிருந்து விற்ற 50 எம்எம் லென்ஸுக்குக் கமராவில் பூட்டுகிற வளையமே பிளாஸ்டிக், இதற்கு உலோகம். நிறை 160 கிராம் அளவு. கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து நடந்தாலும் கமராவில் லென்ஸ் இருக்கிற மாதிரியே தெரியாது. ஃபில்டர் அளவு 49 எம்எம். ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்க உள்ளே ஏழு வளைந்த இதழ்கள், பழையதற்கு ஐந்துதான். மிகக் கிட்டிய ஃபோகஸ் தூரம் 35 சென்ரிமீற்றர், பழையதற்கு 45. பூ எடுக்கிறவருக்கு இந்தப் பத்து சென்ரிமீற்றர் பெரிய விசயம், பழையதைக் குறைந்த விலைக்குக் கண்டாலும் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இதில் கிடையாது, மழைக்கும் உப்புக் காற்றுக்கும் எதிரான சீலும் கிடையாது.

நம்மில் அதிகம் பேர் வைத்திருக்கிற கமராக்களில், அதாவது 200டி, 700டி, 1500டி போன்றவற்றில், படத்தைப் பதிகிற சென்சர் சிறியது. எம்எம் கூடக் கூட லென்ஸின் பார்வை ஒடுங்கும், சிறிய சென்சரால் இந்த 50 எம்எம் அங்கே 80 எம்எம் போலப் பார்வையைச் சுருக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் பிறந்தநாள் படம் எடுக்க இது இடைஞ்சல்தான், பூ மரத்துக்கு நன்மை. ஒரு கொன்றைச் சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி நீளம் என்று வைப்போம். கமராவை நெடுக்காகப் பிடித்து அந்தச் சரம் மேலிருந்து கீழ்வரை படத்தை நிரப்பவேண்டும் என்றால் நீங்கள் நிற்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். கையை நீட்டினால் பூவைத் தொடுகிற தூரம். அந்தத் தூரத்தில் உங்கள் நிழல் பூவில் விழாது, பக்கத்துச் சரங்கள் லென்ஸில் இடிக்காது, பின்னால் இருக்கிற மதிலும் மின்கம்பியும் கரைந்து போய்விடும். தொலைபேசியால் அதே சரத்தை எடுக்கப் போனால் அகலமான லென்ஸ் அந்த மதிலையும் கம்பியையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்தே கொண்டுவரும். பூ நன்றாக இருக்கும், படம் இரைச்சலாக இருக்கும்.

கொன்றைச் சரம் மேலிருந்து கீழாக விரிகிற பூ. காம்புப் பக்கம் முழுதாய் விரிந்திருக்கும்போது நுனியில் இன்னும் மொட்டுத்தான் இருக்கும். விரிந்த பூவை உற்றுப் பார்த்தால் மூன்று மகரந்தத் தாள்கள் மட்டும் நீண்டு வளைந்து வெளியே நிற்கும், வடிவே அதில்தான் இருக்கிறது. இந்த லென்ஸோடு நிற்கிறபோது ஃபோகஸ் புள்ளியை அந்த வளைவில் வையுங்கள். நுனி மொட்டில் வைத்தால் சரம் முழுக்க உயிரில்லாமல் வரும்.

இனி எஃப் 1.8 பற்றி. எஃப் எண் என்பது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எண் குறையக் குறையத் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட, தெளிவாக வருகிற ஆழம் குறைவு. இந்த லென்ஸை வாங்குகிற எல்லாரும் முதல் நாள் முழுக்க அந்த 1.8இலேயே நிற்பார்கள், விற்கிறவரும் அதைச் சொல்லித்தான் விற்பார். பூ மரத்துக்கு அது பெரும்பாலும் வேண்டாம். நான் சொன்ன அந்த 80 சென்ரிமீற்றர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக வருகிற ஆழம் ஒன்றரை சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கொன்றைச் சரத்தின் தடிப்பே அதைப் பல மடங்கு தாண்டும். எஃப் 4க்கு வந்தால் நாலு சென்ரிமீற்றர் அளவு கிடைக்கும், முன்வரிசைப் பூக்கள் முழுதாய்த் தெளியும், பின்னணி அப்போதும் போதிய அளவு கரைந்தே இருக்கும். இன்னும் நெருங்கி 35 சென்ரிமீற்றரில் ஒரே ஒரு பூவை எடுக்கும்போது எஃப் 1.8இல் அந்த ஆழம் இரண்டு மில்லிமீற்றர். அங்கே எஃப் 5.6க்குக் குறைய நான் போவதில்லை. அதோடு 1.8இல் இன்னொரு குறை இருக்கிறது. வெளிச்ச வானத்துக்கு எதிரே இருக்கிற கறுத்த கொப்புகளின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கரை படியும். கொன்றை பூக்கிற நேரம் இலை குறைந்து கொப்பெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்பதால் அந்தக் கரை எடுப்பாகத் தெரியும், பிறகு கணினியில் துடைப்பது மெத்தப் பெரிய வேலை. எஃப் 2.8இல் பாதிக்கு மேல் குறைந்துவிடும், எஃப் 4இல் தேடித்தான் பார்க்கவேண்டும். சரி, அப்படியென்றால் 1.8 எதற்கு? விடியற்புறம், வெளிச்சம் இன்னும் ஏறாத அந்தக் கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் முழுச் சரமும் வேண்டாம், ஒரு மொட்டு மட்டும் போதும் என்று நினைக்கிற படத்துக்கு.

மஞ்சள் நிறம் தனிக் கதை. ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாளிடமும் இதே லென்ஸ்தான். அங்கே ஹை பார்க்கில் செர்ரி மரங்கள் இருக்கின்றன, 1959இல் ரோக்கியோ மக்களின் சார்பில் ரொறன்ரோவுக்குக் கொடுத்த 2000 மரங்களில் தொடங்கிய தோட்டம் அது. சித்திரைக் கடைசியில் அல்லது வைகாசித் தொடக்கத்தில் பூக்கும், அவள் ஓடிப்போய் எடுத்து அனுப்புவாள், நான் கொன்றையை அனுப்புவேன். இரண்டு பேரும் கமராவில் என்ன வைத்தோம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நேர் எதிர். செர்ரி வெளிறிய பூ. படம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று கமரா பயந்து இருட்டாக்கிவிடும், அதனால் அவள் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டொப் வரை கூட்டுகிறாள் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி). கொன்றைக்கு நான் மூன்றில் இரண்டு ஸ்டொப் குறைக்கிறேன். மஞ்சள் என்றால் கமராவுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. நம்முடைய வெய்யிலில் சிவப்புச் சனல், அதாவது கமரா தனியாகப் பதிகிற சிவப்பு, முதலில் நிரம்பி வழிந்துவிடும், வழிந்த இடத்தில் இதழின் நரம்பு, மடிப்பு எதுவும் இருக்காது, வெறும் மஞ்சள் பூச்சு. படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் கமராத் திரையில் வரைந்து காட்டுகிற சாதாரண ஹிஸ்ரோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. கமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்ரோகிராமைத் திறந்து, சிவப்புக் கோடு வலப்பக்கச் சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரா கோப்பாக, அதாவது சென்சர் பதிந்ததைக் கமரா சுருக்காமல் அப்படியே வைக்கிற கோப்பாக, எடுங்கள். முள்முருக்குக்கு இது இன்னும் கடுமை, அதன் சிவப்பு ஒரு ஸ்டொப்புக்கு மேலேயே குறைக்கச் சொல்லும்.

எந்த நேரத்தில் போவது என்பதுதான் இந்த லென்ஸைவிட முக்கியமான விசயம், ஆனாலும் லென்ஸோடு சம்பந்தப்பட்டது. ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் இலங்கைக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து போகும், கிட்டத்தட்ட வருடப்பிறப்பை ஒட்டிய அதே நாட்களில்தான் கொன்றையும் நிறையத் தொடங்குகிறது. மத்தியான வெளிச்சம் செங்குத்தாக விழும். தொங்குகிற சரத்தின் மேல்பூக்கள் வெளுத்து, கீழ்ப்பூக்கள் கறுத்துப் போகும், எந்த லென்ஸாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கிழக்குக் கரை எங்களுக்குத் தந்திருக்கிற பெரிய வசதி விடியல். ஆறு மணி அளவில் கடலுக்கு மேலால் சூரியன் வந்ததும் வெளிச்சம் பக்கவாட்டில் மரத்துக்குள் நுழையும். கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் மரத்துக்கும் இடையில் மறைப்பில்லாத இடங்களில் அது மஞ்சள் இதழை ஊடுருவிக்கொண்டு வருகிறபோது பூ உள்ளிருந்து எரிகிற விளக்குப் போல இருக்கும். ஏழு, ஏழேகால் தாண்டினால் அது கிடையாது. பின்னேரம் இன்னொரு தரம் கிடைக்கும், வாவிக்கு அந்தப் பக்கமாகச் சூரியன் இறங்குகிற நேரம்.

காந்தி பூங்காவுக்கு நான் பின்னேரத்தில் போகத்தான் சொல்வேன். வாவியை ஒட்டிய இடம் என்பதால் பின்னணிக்குத் தண்ணீர் இருக்கிறது, சரிந்த வெய்யில் அந்தத் தண்ணீரில் உடைந்து மினுங்கும். எஃப் 2 அல்லது 2.8 வைத்து, முன்னால் ஒரு பூவோ இலையோ கிட்டத்தில் இருக்க, பின்னால் அந்த மினுக்கம் வட்ட வட்டமாக விரியும். ஏழு வளைந்த இதழ்களின் பயன் இங்கே தெரியும், வட்டங்கள் ஓரளவு உருண்டையாகவே வரும். 1.8இல் படத்தின் ஓரத்து வட்டங்கள் மட்டும் இரண்டு பக்கமும் நசுங்கித் தெரியும், சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. பூங்காவில் சனம் கூடும் நேரமும் அதுதான், பிள்ளைகள் ஓடுவார்கள், குடும்பங்கள் வந்து இருக்கும். லென்ஸின் பார்வை ஒடுங்கியது என்பதால் யாரையும் படத்துக்குள் இழுக்காமல் எடுக்க முடிகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் பொது இடத்தில் பெரிய கமராவோடு நிற்கிறவரைப் பார்த்து யாருக்கும் கூச்சம் வரக்கூடாது.

கரையோரப் பூவரசுக்கு இந்த லென்ஸ் மிகப் பொருத்தம். மரம் பணிவானது, பூ கண் மட்டத்தில் கிடைக்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும். காலையில் வெளிர் மஞ்சள், உள்ளே அடியில் கடும் சிவப்பு, பொழுதுசாயச் சாய முழுப் பூவும் இளஞ்சிவப்பாக மாறி வாடும். ஒரே பூவைக் காலையிலும் பின்னேரத்திலும் எடுத்துப் பாருங்கள். பூ ஆறேழு சென்ரிமீற்றர் அகலம். 35 சென்ரிமீற்றர் தூரத்தில் இந்த லென்ஸ் ஏறத்தாழப் பத்து சென்ரிமீற்றர் அகலத்தை எடுக்கும் என்பதால் ஒரு பூவும் அதைச் சுற்றி ஒரு விரற்கடை இடமும் சரியாக அமையும். பூவரசின் இலை வழுவழுப்பானது, வெய்யிலில் வெள்ளையாக மின்னிப் பூவைத் தின்றுவிடும். அதற்கு ஒரு போலரைசர் ஃபில்டர் போடுங்கள். 49 எம்எம் சின்ன அளவு, ஆகவே விலையும் குறைவு. இந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி நீண்டு சுருங்குமே தவிரச் சுழலாது, அதனால் ஃபில்டரைத் திருப்பி வைத்த இடத்திலேயே நிற்கும். ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை அது எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

காற்றுத்தான் நம்முடைய ஊரில் பூ எடுக்கிறவருக்கு உண்மையான சோதனை. காலை ஒன்பது, பத்துக்குள் கடற்காற்று எழும்பிவிடும், நூல் போன்ற காம்பில் தொங்குகிற கொன்றை பிறகு நிற்கவே நிற்காது. ஷட்டர் வேகம் 500இல் ஒன்றுக்குக் கீழே இறங்கவேண்டாம், வெளிச்சம் குறைந்தால் கமரா படத்தைக் கூட்டிக் காட்டுகிற ஐஎஸ்ஓ அளவு 400, 800 என்று ஏறினாலும் ஏறட்டும், மணல்மணலாகத் தெரிகிற படத்தைப் பார்க்கலாம், ஆடிப்போன படத்தைப் பார்க்க முடியாது. லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்கிற எஸ்டிஎம் மோட்டார் சத்தம் குறைந்தது, மெதுவானது அல்ல, ஆனாலும் முன்னும் பின்னும் ஊசலாடுகிற சரத்தைத் துரத்திப் பிடிக்கிற அளவு வேகமும் கிடையாது. நான் ஃபோகஸை ஒரு தடவை பூட்டிவிட்டு, சரம் தன் இடத்துக்குத் திரும்பி வருகிற நொடிக்காகக் காத்திருந்து தொடர்ச்சியாக நாலைந்து எடுப்பேன். ஜூன், ஜூலையில் கச்சான் தொடங்கினால் கதையே வேறு. மலைநாட்டைத் தாண்டி இறங்கி வருகிற அந்த வறண்ட காற்று கடற்காற்றையும் அடக்கிக்கொண்டு வெப்பத்தை 38 பாகை வரை ஏற்றிவிடும், பூக்கள் கொட்டும், தூசியில் லென்ஸ் மாற்றவே பயமாக இருக்கும்.

இனி இது சரிவராத இடங்கள். முழு மரத்தை எடுக்க இதை நம்பாதீர்கள். முப்பதடி மரம் ஒன்று நெடுக்குப் படத்துக்குள் அடங்கவேண்டும் என்றால் நீங்கள் இருபது மீற்றர் பின்னால் போகவேண்டும், புளியந்தீவு ஒழுங்கைகளில் அதற்கு இடம் ஏது, முதுகு எதிர்வீட்டுப் படலையில் முட்டும். அந்த வேலைக்குப் பெட்டியோடு வந்த 18-55ஐ வைத்திருங்கள், 18இல் ஏழெட்டு மீற்றர் போதும். அம்பாறைப் பக்கம் கொஞ்சம் சுகம். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த நகரம், வீதிகள் அகலமானவை, மரத்தை எட்டி நின்று பார்க்க இடம் கிடைக்கும். வைகாசியில் குடை விரித்தாற்போல் சிவந்து நிற்கிற மே மலர் மரங்களுக்கும் இது சரிவராது, பூ எல்லாம் உச்சிப் பரப்பில்தான், கீழிருந்து பார்த்தால் அடிப்பக்கம்தான் தெரியும். ஒரு மாடி வீட்டு மேல்தளமோ 55-250 போன்ற நீள லென்ஸோ இருந்தால்தான் அந்தச் சிவப்பை முழுதாய் எடுக்கலாம்.

வேப்பம்பூவுக்கும் எட்டாது. சித்திரையில் ஊர் முழுக்க மணக்கிற பூ, வருடப்பிறப்போடு சேர்ந்தது, ஆனால் ஒவ்வொன்றும் அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். 35 சென்ரிமீற்றரில் நின்றால் கொத்து வரும், பூ வராது. இதற்கு ஒரு வழி, லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டுகிற எக்ஸ்ரென்ஷன் ரியூப். 12 எம்எம் ரியூப் ஒன்று போட்டால் பூ இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகும். வாங்கும்போது உள்ளே மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கிறதைத்தான் வாங்கவேண்டும். இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம்கூட மோட்டார் வழியாகத்தான் வேலை செய்கிறது. மின்தொடர்பு இல்லாத மலிவு ரியூபைப் போட்டால் கையால் வளையத்தைத் திருப்பினாலும் ஒன்றும் அசையாது, துவாரத்தையும் மாற்ற முடியாது. ஒளிமறைப்பு ஹூட் லென்ஸோடு வராது, தனியாக வாங்கவேண்டும், பெயர் ஈஎஸ்-68. வானத்தைப் பார்த்து எடுக்கிற பூ மரக்காரருக்கு அது தேவை. ஃபோகஸ் செய்கையில் முன்னுக்கு நீளுகிற பகுதி கொப்பில் இடிபடாமல் காப்பதும் அதுதான்.

இந்த லென்ஸ் கிட்டப் போகச் சொல்கிற லென்ஸ் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நல்ல கொன்றைகள் பாதி வீட்டு வளவுகளில் நிற்கின்றன. படலையில் நின்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மாட்டேன் என்றதில்லை. "என்ன மனே, பூவையா படம் எடுக்கிறாய், உள்ளுக்கு வா, கிணத்தடிப் பக்கம் இன்னும் வடிவாப் பூத்திருக்கு" என்று ஒரு அம்மம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நானாகத் தேடியிருந்தால் கிணற்றோரத்து நிழல் பின்னணியாக அமைந்த அந்தச் சரம் எனக்கு ஒருபோதும் கிடைத்திராது. எடுத்த படத்தை அச்சடித்துக் கொடுங்கள், போனில் அனுப்புகிறதைவிட அது அவர்களுக்குப் பிடிக்கும். கொப்பை வளைத்துக் கட்டுவதோ, பின்னணிக்கு இடைஞ்சல் என்று சரத்தை ஒடிப்பதோ வேண்டவே வேண்டாம். அந்தச் சரம் கோயிலுக்குப் போக இருக்கிற பூவாகவும் இருக்கலாம், சிவனுக்கு உகந்தது என்று விடிய எழும்பிப் பறிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்குகிற விதம். 2015இல் அமெரிக்காவில் 125 டொலர் அளவுக்கு வந்த லென்ஸ், 2022இல் ரூபா விழுந்த பிறகு இங்கே புதிதாக வாங்குவது பலருக்குச் சுமை. பழையதாக வாங்குவதில் தவறே இல்லை, இதற்குள் பழுதாகிற விசயம் குறைவு. கடையில் நின்று இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டோர்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கமராவில் பூட்டி கிட்டவும் தூரவும் ஃபோகஸ் செய்ய விட்டு, முன்பகுதி இடையில் சிக்காமல் போய் வருகிறதா என்று கவனியுங்கள். கீழே விழுந்த லென்ஸ் அங்கேதான் பிடிபடும்.

உள்ளே பிம்பத்தைத் திருப்பிக் காட்டுகிற முகக்கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதிய ஆர் வகைக் கமரா வைத்திருக்கிறவர்கள் இதைத் தேடவேண்டாம். அவற்றுக்கென்றே 2020இல் வந்த ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 இருக்கிறது, அது 30 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், ஃபில்டர் அளவு மட்டும் 43 எம்எம். மற்றவர்கள் இதை வாங்கி, மாரி தொடங்குவதற்கு முன்னால் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கடல் பக்கம் போய் வந்த நாட்களில் வெளிப்பக்கத்தை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.